பாலியற் கல்வியும் பெற்றோரும்: கடைமடையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

பேராவூரணிக் கடைத்தெருவில் ஆண்டு முழுவதும் பூப்பு நன்னீராட்டு விழாப் பதாகைகளைக் காணலாம். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் உருவம், பட்டும் நகையும் பூட்டப்பெற்று, ஆளுயரத்திற்கும் மேலாக அச்சிடப்பட்டு நிற்கும். கீழே தாய்மாமன்மாரின் பெயர்களும் அவர்தம் ஊர்களும் வரிசையாக இருக்கும். அவள் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை ஊர் முழுவதும் அறிந்துகொள்கிறது. ஆனால் அம்மாற்றம் யாது, ஏன் நிகழ்ந்தது என்பதை அச்சிறுமிக்கு எடுத்துக் கூறியவர் யார் என்று வினவினால், பெரும்பாலான வீடுகளில் விடை கிடைப்பதில்லை. பச்சையோலைக் குச்சிலில் தனியே அமர்த்துவர், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுப்பர், அதைத் தொடாதே, அங்கே போகாதே என்பர், காரணம் கூறமாட்டார்கள். நமது சபைக் குடும்பங்களிலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. குச்சில் இல்லாத வீட்டில் ஆயரின் ஜெபம் உண்டு என்பதே வேறுபாடு. அவ்வாறு சென்று ஜெபித்த ஆயர்களுள் நாமும் ஒருவர். ஆண்பிள்ளைகளுக்கோ பதாகையும் இல்லை, ஜெபமும் இல்லை.

பள்ளிகளில் பாலியற் கல்வி வேண்டுமா, அதில் பெற்றோரின் பங்கு யாது என்னும் வினா இந்நாட்களில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. இது நேற்றுத் தோன்றிய வினாவன்று. பிள்ளைக்கு எதனைக் கற்பிக்கலாம், எதனை மறைக்க வேண்டும், அதனை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்ற வழக்கு, இக்காவிரிப் படுகையில் மறைப்பணிப் பள்ளிகள் தொடங்கிய நாள்முதல் நடந்து வருகிறது. அவ்வழக்கின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமறையை அறிந்த மாணவர்க்கு ஒன்றை முதலில் நினைவூட்ட வேண்டும். நீதிமொழிகள் நூலின் ஐந்து முதல் ஏழு வரையுள்ள அதிகாரங்கள் ஒரு தந்தை தன் மகனிடம் பாலுறவைப் பற்றி நேர்முகமாகப் பேசும் பகுதிகள். இன்பத்தையும் அவர் மறைக்கவில்லை, கேட்டையும் மறைக்கவில்லை. அந்நூலின் இறுதி அதிகாரத்தில் ஒரு தாய், அரசனாகிய தன் மகனிடம் அதே பொருளைத் தொட்டுப் பேசுகிறாள். நம் பிரசங்க மேடையிலிருந்து இவ்வதிகாரங்களை எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்பதை அவரவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஆதித் திருச்சபையில் எரோனிமு என்பார் ஏறத்தாழ கி.பி. 403-இல் லேத்தா என்னும் தாய்க்கு அவள் மகளை வளர்க்கும் முறைபற்றி எழுதிய மடலில், திருமறை நூல்களைப் படிக்க வேண்டிய வரிசையை வகுத்து, உன்னதப்பாட்டை இறுதியில் வைத்தார். அவர் அதனைத் தடை செய்யவில்லை. காலம் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். துறவியாகிய அவருடைய பிற கருத்துக்கள் பலவற்றை நாம் ஏற்க இயலாவிடினும், இம்மடல் ஒரு தாய்க்கு எழுதப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

இனி நமது நாட்டிற்கு வருவோம். சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1707-இல், பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி அங்கே தொடங்கப்பட்டது. அந்நாளில் ஒரு பெண் எழுத்தறிந்தவள் என்றால் அதன் பொருள் யாதாயிருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். அதற்கு மறுமொழி எழுதிய கலெக்டர்களுள் சிலர், தத்தம் மாவட்டத்தில் பள்ளிசெல்லும் இந்துப் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் கோயில் நடனப் பெண்களே என்று குறித்தனர். ஆகவே மகளுக்கு எழுத்துக் கற்பிக்குமாறு ஒரு வேளாளரிடமோ கள்ளரிடமோ மறைப்பணியாளர் சென்று கேட்டபோது, அத்தந்தையின் செவியில் அது வேறு விதமாக ஒலித்தது. எழுத்தறிந்தால் கடிதம் எழுதுவாள், கடிதம் எழுதினால் கற்பு கெடும் என்று எண்ணினர். அவர்கள் அறியாமையால் மட்டும் அவ்வாறு அஞ்சவில்லை. அவர்கள் கண்ட உலகில் எழுத்தறிவும் பாலியல் வாழ்வும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. பெற்றோரின் அச்சத்தை ஏளனம் செய்யாமல் அதன் வேரைக் காண வேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

அந்த அச்சத்தை மறைப்பணியாளர் எவ்வாறு வென்றனர்? விடுதிப் பள்ளிகளால் வென்றனர். பிள்ளையை வீட்டினின்று பிரித்து, மதிலுக்குள் வைத்து, படிப்பும் தையலும் ஜெபமும் கற்பித்தனர். இதனால் விளைந்த நன்மையைத் தமிழ்த் திருச்சபை இன்றும் துய்க்கிறது; நம்முள் பலருடைய பாட்டிமார் அவ்விடுதிகளில் படித்தவர்கள். எனினும் நமது கருத்தில், அதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. பூப்பெய்துவது முதல் திருமணம் வரை பெண்பிள்ளையைக் காக்கும் பொறுப்பை விடுதித் தலைவியம்மாள் ஏற்றுக்கொண்டார். அவர் பெரும்பாலும் மணமாகாதவர், அயல்நாட்டிலிருந்து வந்தவர், விக்டோரியா காலத்து நாணம் உடையவர். காவல் இருந்தது, விளக்கம் இல்லை. ஊரிலோ, நாம் முதிய பெண்களிடம் கேட்டறிந்த வரையில், இவற்றைச் சொல்லும் உரிமை தாய்க்கே இருந்ததில்லை. அத்தையோ, அண்ணியோ, பாட்டியோதான் கேலியும் கதையும் கலந்து கூறுவர். நலங்குப் பாட்டிலும் நடவுப் பாட்டிலும் சிலவற்றை அறிந்துகொள்வர். அது முழுமையான அறிவு என்று நாம் சொல்லவரவில்லை. பொய்யும் அச்சமும் அதில் மிகுதி. ஆயினும் பேசுவதற்கென ஓர் ஆள் குடும்பத்தில் இருந்தாள். கூட்டுக் குடும்பம் கலைந்தபோது அந்த ஆளும் போனாள். பெற்றோரே சொல்ல வேண்டும் என்று இன்று நாம் வற்புறுத்தும் கடமை, இப்படுகையின் பழைய வழக்கன்று. இது புதிதாக ஏற்க வேண்டிய கடமையாகும். பெற்றோர் தயங்குவதைக் கண்டு வியப்பவர்கள் இதனை எண்ண வேண்டும்.

பேராவூரணிக்கு மேற்கே தொட்டாற்போல் கிடப்பது பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானம். அங்கே 1886-இல் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள், கோயிற் பணிக்குரிய குலத்தில் பிறந்தவர். பூப்பெய்தியதும் அக்கால வழக்கப்படி முத்துலட்சுமி பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். ஆனால் தந்தை வீட்டிலேயே கல்வியைத் தொடரச் செய்தார். பின்னர் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண் மாணவரின் பெற்றோர் எதிர்த்தனர். ஒரு பெண் உட்கார்ந்தால் தம் பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்றனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்ததனால் அவர் சேர்க்கப்பட்டார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்பு சட்டமன்ற உறுப்பினராகி, பெண்குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வாதாடினார். அதற்கான தடைச்சட்டம் 1947-இல் நிறைவேறியது. இவ்வரலாற்றில் பெற்றோரை இருமுனைகளில் காண்கிறோம். தன் மகளுக்காக மரபை மீறிய தந்தையும் பெற்றோரே; அவளைத் தடுக்க எழுந்தவர்களும் பெற்றோரே. பெற்றோரின் உரிமை என்று பொதுப்படப் பேசுவோர், எந்தப் பெற்றோர், எந்தப் பிள்ளைக்காக என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் அதே போராட்டத்தை வேறு வழியில் நடத்தினார். தம் சொந்த வாழ்வின் அனுபவத்தை அடித்தளமாகக் கொண்டு 1936-இல் ஒரு புதினம் எழுதி, பெரியவர்களின் ஆதாயத்திற்காகச் சிறுமியர் எவ்வாறு வளைத்துப் போடப்படுகின்றனர் என்பதை அவர்களுக்கே எடுத்துக் காட்டினார். அவர் பெயரால் தமிழக அரசு 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022-இல் பெண்களின் உயர்கல்விக்கான உதவித் திட்டமாக மாற்றப்பட்டது. திருமணத்திற்குக் கொடுத்த பணத்தைப் படிப்பிற்குக் கொடுப்பதென்னும் அம்மாற்றம், நூறாண்டு வழக்கில் ஒரு தீர்ப்பைப் போன்றது.

சட்டங்களின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். கல்கத்தாவில் 1890-இல் பூல்மணி என்னும் சிறுமி கணவனால் மாண்ட பின்னர், 1891-இல் உடலுறவுக்கான இசைவு வயது 10-லிருந்து 12-ஆக உயர்த்தப்பட்டது. அச்சிறு உயர்வையே குடும்பத்திற்குள் அரசு நுழைவதாகத் திலகர் போன்றோர் கண்டித்தனர். 1929-இல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை வரையறுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணின் திருமண வயது 16-க்கு மேற்பட வேண்டும் என்று தீர்மானித்தது. 1978-இல் அது 18, 21 என உயர்ந்தது. இச்சட்டங்களின் ஒரு விளைவை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். முற்காலத்தில் பூப்பிற்கும் திருமணத்திற்கும் இடையே சில திங்களே இருந்தன. பல குடும்பங்களில் திருமணம் முந்தியே நடந்தது. இன்று அவ்விடைவெளி பத்து ஆண்டுகளுக்கு மேல் விரிந்துவிட்டது. உடல் முதிர்ந்தும் மணமாகாதிருக்கும் இந்நீண்ட பருவம் நம் முன்னோர் அறியாதது. அதற்கான அறிவுரையும் அவர்களிடம் இல்லை. ஆகையால் பழைய நூல்களில் விடை தேடி ஏமாறுகிறோம்.

திருச்சபை இவற்றில் வாய்மூடி இருந்ததா என்றால், முற்றிலும் அவ்வாறன்று. 1930-இல் இலண்டனில் கூடிய லாம்பெத் மாநாடு கருத்தடையைக் குறித்து எடுத்த தீர்மானத்தால் பெயர்பெற்றது. 193 ஆயர்கள் அதற்கு இசைய, 67 பேர் எதிர்த்தனர். அத்தீர்மானத்தின் ஆரவாரத்தில் அதற்குச் சற்று முன்னுள்ள பன்னிரண்டாவது தீர்மானம் மறக்கப்பட்டது. பிள்ளையின் உள்ளத்தில் பால் உணர்ச்சி எழுவதற்கு முன்னரே, எளிமையும் அழகும் பொருந்திய சூழலில், திட்டவட்டமான செய்திகளை அதற்குக் கூற வேண்டும் என்று அது கூறுகிறது. அதற்கு நேர்ப்பொறுப்பாளர் பெற்றோரே. அப்பெற்றோர்க்குத் தக்க வழிகாட்டுதல் அளிப்பது திருச்சபையின் கடன் என்பது அதன் அடுத்த கருத்து. நூறாண்டை எட்டும் இத்தீர்மானம் நமது சபைகளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. கல்லணைக் கால்வாயில் திறக்கப்படும் நீர் கடைமடையாகிய பேராவூரணிக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்பதை இவ்வூர் உழவர் அறிவர். அதனினும் மெல்ல வருகின்றன மாநாட்டுத் தீர்மானங்கள்.

அதே பத்தாண்டில் மார்கரெட் சாங்கர் அம்மையார் 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து காந்தியடிகளுடன் உரையாடினார். செயற்கை முறைகளை அடிகள் ஏற்கவில்லை. தன்னடக்கமே வழி என்றார். ஆனால் பால் பற்றிய கல்வியையே அவர் மறுத்தாரென்று நினைப்பது தவறு. அடுத்த ஆண்டு ஹரிஜன் இதழில் இப்பொருளை எடுத்துக்கொண்டு, உணர்ச்சியை வென்று உயர்த்தும் நோக்குடைய பாலியற் கல்வி வேண்டும் என்றும், தம்மை அடக்கக் கற்றவரே அதனைக் கற்பிக்கத் தக்கவர் என்றும் எழுதினார். தமிழகத்தில் பெரியார், பிள்ளைப்பேற்றை முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கே உரியதென்று வேறு அடிப்படையில் நின்று வாதிட்டார். இவ்விருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஆயினும் இருவரும் மக்கள் முன் வாய்திறந்து பேசினர் என்பதை நாம் நாணத்தோடு குறிக்கிறோம்.

விடுதலைக்குப் பின் சிவப்பு முக்கோணம் சுவர்தோறும் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு மணமானவர்க்குரியது எனக் கருதப்பட்டமையால் பள்ளி அதில் தலையிடவில்லை. 1980-இல் மக்கட்தொகைக் கல்வித் திட்டம் நாடளாவத் தொடங்கப்பட்டபோதும் எண்ணிக்கையே பேசப்பட்டது, உடல் பேசப்படவில்லை. இந்த அமைதியை உடைத்தது ஒரு நோய். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவைக் கொண்டு, காப்பகத்திலிருந்த பெண்களின் குருதி மாதிரிகளைத் திரட்டச் செய்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி அன்று சென்னையில் இல்லை. நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கே எடுத்துச் செல்லப்பட்டன. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. காணப்பட்டது. இந்தியாவில் அந்நோய்க் கிருமி முதன்முதலாக அறியப்பட்டது அவ்வாறே. அமைச்சர் எச். வி. ஹண்டே அதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, ஒழுக்கமுள்ள நம் நாட்டில் இது எப்படி வரும் என்று பலர் நம்ப மறுத்தனர். 1994-இல் தமிழகம் இதற்கெனத் தனிச் சங்கம் அமைத்தது. அதன் பின்னர்தான் ஆசிரியர்கள் கரும்பலகையின் முன் நின்று சில சொற்களை உச்சரிக்கத் தொடங்கினர். சாவின் அச்சத்தால் வந்த கல்வி என்பதனால், அது தொடக்கமுதலே நோயின் மொழியில் பேசிற்று. அன்பின் மொழியிலும் மணவாழ்வின் மொழியிலும் பேசக் கற்கவில்லை. இக்குறை இன்றளவும் நீங்கவில்லை என்பது நமது மதிப்பீடு.

பெரும்பூசல் 2007-இல் எழுந்தது. மத்திய மனிதவள அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2005-இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தின் பாட ஏடுகளும் படத் தொகுப்புக்களும் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றிலுள்ள உடற்படங்களைக் கண்ட ஆசிரியர் சங்கத்தாரும் பெற்றோரும் கொதித்தெழுந்தனர். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் அத்திட்டத்தை நிறுத்தின. மாநிலங்களவையின் மனுக்கள் குழு, வெங்கையா நாயுடு தலைமையில் இதனை ஆய்ந்து 2009 மார்ச்சு மாதத்தில் அளித்த அறிக்கையில், பள்ளிகளில் பாலியற் கல்வி கூடாது என்றும், நோய்பற்றிய பகுதிகளை மேனிலை வகுப்பு உயிரியலுக்குத் தள்ள வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஏடுகளை வரைந்தவர்கள் பெற்றோரை ஒரு முறையேனும் அழைத்துக் காட்டியிருந்தால் இவ்வளவு நேர்ந்திராது என்பது நமது எண்ணம். வீட்டில் பெயர் சொல்லப்படாத உறுப்பின் படத்தை, முன்னறிவிப்பின்றி மகளின் புத்தகப் பையில் கண்ட தாயின் திகைப்பைக் கட்டுப்பெட்டித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அதே 2007-ஆம் ஆண்டில் இன்னோர் ஆவணமும் வெளிவந்தது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் அறிக்கை அது. அந்த 13-இல் தமிழகம் இல்லை. வினவப்பட்ட குழந்தைகளுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகக் கூறினர். துன்புறுத்தியவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அக்குழந்தை அறிந்தவர்கள், அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். குழந்தைகளுள் பெரும்பாலோர் எவரிடமும் சொல்லவில்லை. பாடப்படங்கள் குழந்தையின் தூய்மையைக் கெடுக்கும் என்று சாலைகளில் குரல் எழுந்த அதே ஆண்டில், அக்குழந்தைகள் வாய்திறந்து சொன்னதைக் கேட்டவர் சிலரே.

தமிழகத்தில் அப்பூசல் வேறு வடிவில் வந்தது. 2005-இல் நடிகை குஷ்பு ஒரு வார இதழுக்கு அளித்த நேர்காணலில் திருமணத்திற்கு முந்திய உறவு, அதில் காத்துக்கொள்ளும் முறை ஆகியவை பற்றிக் கூறிய கருத்துக்களுக்காக அவர்மீது 23 புகார்கள் தொடுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரல் 28-இல் அவற்றையெல்லாம் தள்ளுபடி செய்தது. அவர் கருத்தை நாம் ஏற்கவில்லை. திருமணத்தைப் பற்றிய நமது போதனை வேறு. ஆனால் நாம் ஏற்காத கருத்துக்கு மறுமொழி, வாதமாக இருக்க வேண்டுமேயன்றி வழக்காக இருத்தல் ஆகாது.

பின்னர் 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் அனைவரையும் அது குழந்தை என வரையறுக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்று விதிக்கிறது. ஆயரும் இதற்கு விலக்கல்லர். 2013-இல் நீதியரசர் வர்மா குழுவும் பள்ளிகளில் பாலியற் கல்வியை வலியுறுத்தியது. 2024 செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து எழுந்த ஒரு மேல்முறையீட்டில், குழந்தைகளை இழிவுபடுத்தும் காட்சிகளைப் பற்றித் தீர்ப்பளிக்கையில், பாலியற் கல்வி பிள்ளைகளை ஒழுக்கக்கேட்டில் தள்ளும் என்பது தவறான எண்ணம் எனச் சுட்டி, முறையான கல்வித் திட்டங்களைக் கருதுமாறு அரசுக்குக் கூறியது.

பெற்றோர் உரிமைபற்றி அயல்நாட்டு வழக்கொன்றையும் மாணவர் அறிந்திருத்தல் நலம். தரங்கம்பாடிக்கு நற்செய்தியாளரை அனுப்பிய டென்மார்க்கு நாடு, 1970-இல் அரசுப் பள்ளிகளில் பாலியற் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. கிறிஸ்தவப் பெற்றோர் சிலர், எம் பிள்ளைக்கு இதனைக் கற்பிக்கும் உரிமை எமக்கே உரியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திற்குச் சென்றனர். 1976 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. செய்திகளைப் பாரபட்சமின்றி, பல கோணங்களிலும் அளிக்கும் வரையில் பெற்றோரின் உரிமை மீறப்படவில்லை. ஆனால் ஒரு கொள்கையைப் பிள்ளையின்மேல் திணிக்கப் பள்ளிக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் எல்லை வகுத்தது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் மேனிலைப் பள்ளிகளில் இக்கல்வி கட்டாயம். பெற்றோர் தம் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளக் கேட்கலாம். எனினும் பதினாறு வயது நிறைவதற்கு மூன்று பருவங்கள் இருக்கையில், பிள்ளை தானே விரும்பினால் வகுப்பில் அமரலாம். உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மெல்லக் கைமாறுவதை ஒரு சட்டம் இவ்வாறு நாட்குறித்துக் காட்டியது நமக்கு வியப்பளித்தது.

இனி நம்மைப் பற்றிய ஒன்றைக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன்னர், இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பினர்க்கு ஒரு செவிலியர் வந்து உடல்வளர்ச்சியையும் தொடுகையின் நன்மை தீமையையும் பற்றிப் பேச ஏற்பாடு செய்திருந்தனர். சபைப் பெற்றோர் சிலர் ஆயர் இல்லத்திற்கு வந்து முறையிட்டனர். நாம் அவர்களுடைய விண்ணப்பத்தில் கையொப்பமிட்டதுடன், அதனைத் தலைமையாசிரியரிடம் நாமே கொண்டுசென்று கொடுத்தோம். அவ்வகுப்பு நடைபெறவில்லை. பெற்றோர் நன்றி கூறினர். ஓராண்டுக்குப் பின், வீட்டிற்கு வந்துபோகும் ஒருவரால் ஒரு பிள்ளை நெடுநாளாகத் துன்புற்றது வெளிவந்தது. ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாள். அப்பிள்ளை நாம் நிறுத்திவைத்த வகுப்பைச் சேர்ந்தவள். அவ்வகுப்பு நடந்திருந்தால் எல்லாம் தவிர்ந்திருக்கும் என்று நாம் உறுதி கூற இயலாது. சொல்லும் வழி ஒன்றை அவள் பெறக்கூடிய ஒரு நாள் இருந்தது; அந்த நாளை எடுத்துக்கொண்டவர் நாம்.

அதற்குப் பின்னரே, திடப்படுத்தல் வகுப்பு தொடங்குமுன் நான்கு மாலைகள் பெற்றோர்க்கென ஒதுக்கினோம். முதல் ஆண்டில் தாய்மார் பலர் வந்தனர், தந்தையர் மூவரே. சபையைச் சேர்ந்த அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் தாய்மார்க்குப் பேசினார். தந்தையரிடம் நாமே பேச வேண்டியதாயிற்று. தேங்காய் வாணிபம் செய்யும் ஒருவர், ஐயா, பையனிடம் பேசச் சொல்கிறீர்கள். எந்தச் சொல்லால் பேசுவது என்று கேட்டார். அவ்வினா எளிதன்று. அவர் அறிந்த சொற்கள் யாவும் வசைச்சொற்கள். பாடநூலில் உள்ளவையோ அவர் வாயில் நுழையாத வடசொற்கள். இரண்டுக்கும் நடுவே, தகப்பன் மகனிடம் தலைகுனியாமல் சொல்லத்தக்க சொல் அவருடைய தமிழில் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் இனப்பெருக்கப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று தள்ளிவிடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். திருமறையைத் தமிழாக்கியவர்களும் இவ்விடர்ப்பாட்டைக் கண்டவர்களே. அறிதல், சேர்தல் என்னும் பொதுச்சொற்களால் அவர்கள் அதனைக் கடந்தனர். அன்று மாலை நாங்கள் நால்வரும் எட்டுச் சொற்களைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். அவற்றுள் சில மருத்துவமனைச் சொற்கள், சில தாய்மார் குழந்தையைக் குளிப்பாட்டும்போது கூறும் சொற்கள். அத்தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கும் மீண்டும் சென்றோம். தலைமையாசிரியர் மாறியிருந்தார். பெற்றோரை முதலில் அழைத்துப் பாடத்தைக் காட்டிய பின்னரே மாணவர்க்கு நடத்துவது என்று பேசி முடிவு செய்தோம். அக்கூட்டத்திற்கு வந்தோருள், முன்பு நம்மிடம் விண்ணப்பம் கொண்டுவந்தவர்கள் இருவர் இருந்தனர். ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். மற்றவர் இறுதிவரை இருந்து, ஆண்பிள்ளைகளுக்கும் இதே நாளில் நடத்துவார்களா என்று மட்டும் கேட்டார். நடத்துவார்கள் என்றோம். இவ்வாண்டு திடப்படுத்தல் வகுப்பிற்கு முந்திய மாலைகளில் பதினொரு தந்தையர் வந்திருந்தனர்.